மோட்டார் ரூமில் நீ தின்ற கறி

கண்ணு,

சனிக்கிழமை மதியம் நீ போன் பண்ணி வைத்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் “சர்ம்மா, சர்ம்மா” என்று நான்கு தடவை சொல்கிற ஆள் நீ. இந்த விஷயத்தின் நடுவில் யாரும் சரி சொல்லக் கூடாது. அதனால்தான் மாங்காய் மண்டியில் உன் நைனாவுக்குக் கொடுத்த டைரியிலிருந்து ஐந்தாறு தாள் கிழித்து எழுதுகிறேன். உட்கார்ந்து படி. பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துக்கொள்.

நீ சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது. “எம்மா, டப்பாவ வழிச்சு நக்கிட்டேன், ஒரு துண்டு மிச்சம் வெக்கல. ஆனா உனக்கு இன்னா தகிரியம்மா! புரட்டாசி சனிக்கெழம, நாமம் போட்டுக்கினு பெருமாளப் பாக்க வந்த நைனா கைலயே கறிக்கொழம்பு குடுத்து அனுப்பிக்கிறியே!” என்றாய். குரலில் அவ்வளவு சந்தோஷம். கல்யாணம் ஆன இந்த எட்டு மாதத்தில் நீ இப்படிச் சிரித்துப் பேசி நான் கேட்டதில்லை. நானும் அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்காமல் “சரி, வாய நல்லா கொப்பளிச்சிக்கோ” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பழக்க தோஷம்.

இப்போது கேள். அந்த டப்பாவில் இருந்தது சேனைக்கிழங்கு.

சிரிக்காதே, இன்னும் இருக்கிறது. அந்த டப்பாவில் மட்டுமில்லை. உன்னுடைய ஆறாவது வயதிலிருந்து நீ ஹாஸ்டலுக்குப் போன வருஷம் வரைக்கும், ஒவ்வொரு புரட்டாசியிலும் உன் நைனாவுக்குத் தெரியாமல் முந்தானையில் மூடி எடுத்து வந்து, கழனி மோட்டார் ரூமில் பைப்பு மேல் உன்னை உட்கார வைத்து நான் ஊட்டினேனே, அது அத்தனையும் சேனைக்கிழங்கு. ஒரு வருஷம்கூட, ஒரு துண்டுகூட, ஆட்டுக்கறி இல்லை.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். நம் வீட்டில் புரட்டாசி முப்பது நாளும் கவுச்சி கிடையாது. உன் நைனா அந்த மாதம் முட்டை வியாபாரி சைக்கிள் நம் தெருவில் வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். மற்றவர்கள் சமாளித்துவிட்டோம். உனக்குத்தான் ஆகவில்லை. பிறந்ததிலிருந்தே உனக்குக் காய் என்றால் எதிரி. கத்தரிக்காய் கறுப்பு, வெண்டைக்காய் வழவழ, பீர்க்கங்காய் கொழகொழ, அவரைக்காயில் ஏதோ முடி இருக்கிறது. சோற்றில் கிடக்கும் காயை எல்லாம் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் சுற்றிலும் வரப்பு கட்டுவாய். அந்த வருஷம் புரட்டாசி பிறந்து எட்டாம் நாள், மதியச் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுக் கொல்லையில் போய் நம் சேவலுக்கு எதிரில் உட்கார்ந்து அழுதாய். சேவல் பயந்துபோய்க் கூரை மேல் ஏறிவிட்டது. இடுப்பு எலும்பு தெரிய நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போனேன்.

அன்றைக்கு வீட்டில் ஒரு சேனைக்கிழங்கு கிடந்தது. கறித்துண்டு அளவுக்கு வெட்டினேன். வறுத்துப் பார்த்தேன், மேலே மொறுமொறுவென்று நிறம் வந்தது. கறிக்கு அரைக்கிற மசாலாவையே அரைத்துக் கொதிக்கவிட்டேன். கொதிக்கிற வாசனை வந்தபோது எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. இதை வீட்டில் வைத்துப் போட்டு, கிழங்கு என்று தெரிந்தால் நீ தொடமாட்டாய் என்பதும் தெரியும். அதனால் உன் காதில், “நைனாகிட்ட சொல்லாத. உனக்கோசரம் கறி ஆக்கிக்கிறேன். மோட்டார் ரூமுக்கு வா” என்றேன். நீ பறந்து வந்தாய். பாதி சாப்பிட்டபின் ஞாபகம் வந்து, “எலும்பு எங்கம்மா?” என்று கேட்டாய். நான் யோசிக்காமல், “எலும்பு போட்டா நைனா குப்பையில பாத்துருவாரு” என்றேன். அப்போது நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அம்மா எவ்வளவு பெரிய கெட்டிக்காரி என்கிற மாதிரி பார்த்தாய். அந்தப் பார்வையில்தான் கண்ணு நான் கெட்டுப்போனேன்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியது அன்றைக்குத்தான். பத்து வாய் போன பிறகு, வயிறு நிறைந்த பிறகு, “டேய், இது கெழங்குடா” என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால், நீயும் சிரித்திருப்பாய். காயை மன்னித்திருப்பாய். காயைத் தொடாதவர்களுக்குச் சமைக்கிறவர்கள் எல்லோரும் காயை ஒளித்து வைத்து ஊட்டத்தான் பார்க்கிறார்கள். ஒளித்து ஊட்டலாம், தப்பில்லை. சாப்பிட்டு முடித்ததும் பேரைச் சொல்லிவிட வேண்டும். நான் சொல்லவில்லை. சொன்னால் உனக்காகப் பெருமாளையே எதிர்த்து நின்ற அம்மா காணாமல் போய், கிழங்கு வறுத்துப் போட்ட அம்மாதான் மிச்சம் இருப்பாள் என்று பயந்தேன். கேவலமான ஆசைதான். ஆனால் ஆசையாகத்தான் இருந்தது.

அதற்கான தண்டனை எனக்கு வராமல் உனக்கு வந்தது. நீ ஏழாம் வகுப்பு படித்த வருஷம் அவசரத்தில் கிழங்கைப் புளித்தண்ணீரில் போட்டு வேக வைக்க மறந்துவிட்டேன். புளி இல்லாத சேனைக்கிழங்கு என்ன செய்யும் என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். நான்கு துண்டு தின்றாய். கழுத்தைப் பிடித்துக்கொண்டாய். கண்ணில் தண்ணீர். “எம்மா, பெருமாள் என் தொண்டையப் புடிச்சிக்கினாரும்மா!” என்று கத்தினாய். எனக்கும் பெருமாள் பிடித்ததாகத்தான் இருந்தது, பிடித்தது யார் என்று தெரிந்தும்கூட. ஓடிப்போய் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த வாரமே நீ உன் நைனாவிடம் போய், “மலைக்கு நடந்தே போய் மொட்ட போட்டுக்கினு வரணும்” என்று நின்றாய். அவருக்குத் தலைகால் புரியவில்லை. படி ஏறும்போது நீ ஒரு இடத்தில்கூட உட்காரவில்லை என்று ஊரெல்லாம் சொன்னார். புத்தூரில் சம்பந்தம் இல்லாத ஒரு டீக்கடைக்காரரிடம்கூட, “பையனுக்கு இந்த வயசுலயே எம்மாம் பக்தி பாருங்க” என்று உன் மொட்டையைத் தடவிக் காட்டினார். நான் சந்தனத்தைக் குழைத்து உன் தலையில் பூசினேன். அடுத்த வருஷம் புரட்டாசி பிறந்த அன்றைக்கே, முடி முளைத்த தலையோடு நீ அடுப்படிக்கு வந்து, “இந்த வருசமும் உண்டாம்மா?” என்று கேட்டாய். மொட்டையோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நீயே முடிவு பண்ணிவிட்டாய்.

இத்தனையும் பழைய கதை, இதற்காக நான் டைரியைக் கிழித்திருக்க மாட்டேன். போன புதன்கிழமை நடந்ததுதான் காரணம்.

ஹேமா சித்தூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன்னிடம் அப்படித்தான் சொல்லிவிட்டுக் கிளம்பினாளாம். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றபோது, சித்தூர் போனால் அவள் அப்பா காரணம் கேட்பார், அதன்பிறகு இது பெரிய பஞ்சாயத்து ஆகிவிடும் என்று தோன்றியிருக்கிறது. புத்தூர் பஸ்ஸில் ஏறி நேராக என்னிடம் வந்துவிட்டாள். உன் பெண்டாட்டி ஐந்து நாளாக என் அடுப்படியில்தான் இருக்கிறாள். உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். ஞாயிறு வரைக்கும்தான் சத்தியம். இன்று திங்கள்.

வந்த உடனே அவள் அழவில்லை. கைகால் கழுவினாள், தண்ணீர் குடித்தாள். பிறகு கேட்டாள்: “அத்த, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே? நீங்க புரட்டாசில அவுருக்குத் திருட்டுத்தனமா கறி ஆக்கிப் போட்டீங்களா?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ என்ன சொன்னாய் என்று அவள் ஒப்பித்தாள். “எங்கம்மா எனக்கோசரம் பெருமாளுக்கே பயப்படாம கறி ஆக்கிப் போட்டவ. உன்னால ஒரு கத்திரிக்காய வாயில வெக்கிற மாதிரி ஆக்க முடியல.” சொன்னாய்தானே? தட்டைத் தள்ளிவிட்டுத்தானே சொன்னாய்?

எனக்கு அங்கே நடந்தது எல்லாம் புரிகிறது. அவர்கள் பரம்பரையாகக் கறி சாப்பிடாத குடும்பம். பெண் பார்க்கப் போனபோது, “எங்க பொண்ண கறி ஆக்கச் சொல்லக் கூடாது” என்று அவள் அப்பா கேட்டதற்கு, நீ பெரிய மனுஷன் மாதிரி “அதெல்லாம் ஒரு விஷயமா மாமா” என்றாய். தையில் கல்யாணம். அதிலிருந்து மதியம் ஆபீஸ் பக்கத்தில் பிரியாணி, ராத்திரி வீட்டில் வயிறு சரியில்லை என்று மோர்சாதம். எட்டு மாதம் ஓட்டிவிட்டாய். புரட்டாசி வந்ததும் மாட்டிக்கொண்டாய். இந்த மாதம் திருப்பதியில் எந்தத் தெருவில் திரும்பினாலும் நம் ஊர்க்காரன் ஒருவன் மொட்டைத் தலையோடு எதிரில் வருவான். பிரியாணிக் கடையில் உன்னைப் பார்த்தால் மறுநாள் உன் நைனாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு. மூன்று வேளையும் வரப்பு. சந்திரகிரி ரோட்டில் அந்தச் சின்ன வாடகை வீட்டில் ஒரு பெண், கூட்டும் பொரியலும் பருப்பும் செய்து வைத்துவிட்டு, உன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். “மொதல்ல என்னா பிடிக்கும்னு யோசிப்பேன் அத்த. இப்பல்லாம் எதத் தள்ளி வெப்பாருன்னுதான் யோசிக்கிறேன்” என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். எனக்கு உன்னை நான்கு அறை அறைய வேண்டும் போல இருந்தது. அடுத்து என்னையும்.

இதைவிடக் கூத்து, நாங்கள் பேசியதை எல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று உன் நைனா கேட்டுவிட்டார். உள்ளே வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார். “என் வூட்டுலயா? புரட்டாசிலயா? இத்தினி வருசமா?” பிறகு போய்ப் பை எடுத்து வேட்டியை மடித்து வைக்க ஆரம்பித்தார். மலைக்குப் போய் மொட்டை போடப் போகிறாராம். தலையில் இருப்பதே காதோரம் கொஞ்சம்தான், அதையும் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றார். கிழங்கு என்று நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை. “கெழங்க எவனாவது மோட்டார் ரூமுல ஒளிஞ்சி ஒக்காந்து துன்னுவானா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

கடைசியில் வியாழக்கிழமை அவருக்கு எதிரிலேயே ஆக்கிக் காட்டுவது என்று முடிவானது. கிழங்கை நான் வாங்கக் கூடாது என்று அவரே புத்தூர் சந்தைக்குப் போய், “கந்தகட்ட” என்று தெலுங்கில் கேட்டு, யானைக்கால் போல ஒன்றைத் தூக்கிவந்தார். அவரே தோல் சீவினார். நாற்காலியை இழுத்து அடுப்படி வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஹேமா ஒரு நோட்டோடு நின்றாள்.

நீயும் கேட்டுக்கொள், உனக்கு வேலை இருக்கிறது. கிழங்கைக் கறித்துண்டைவிடக் கொஞ்சம் சின்னதாக வெட்டு. புளித்தண்ணீரில் உப்பு, மஞ்சள்தூள் போட்டு முக்கால் வேக்காடு வேகவிட்டு வடித்துவிடு. வடித்ததைத் துணியில் பரப்பி ஈரம் போக ஆறவிடு. அவசரப்பட்டால் எண்ணெயில் உடைந்து கூழாகிவிடும். மிளகாய்த்தூள் பிரட்டிக் கடலை எண்ணெயில் நாலு பக்கமும் தோல் கட்டுகிற வரை வறுக்க வேண்டும். உன்னை மாதிரி ஆட்களுக்குக் காயில் பிடிக்காதது ருசி இல்லை, அது வாயில் குழைவதுதான். பல்லுக்கு வேலை கொடுத்தால் பாதி சண்டை முடிந்துவிடும். மசாலாவுக்குத் தனியா, காய்ந்த மிளகாய், சோம்பு, பட்டை, கிராம்பு, கசகசா எல்லாம் வறுத்து, கடைசியில் தேங்காய் போட்டுச் சிவக்க வறுத்து அரை. சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி வதக்கி, மசாலாவை எண்ணெய் பிரிகிற வரைக்கும் கிளறு. இங்கேதான் பொறுமை வேண்டும். தண்ணீர் விட்டுக் கொதித்ததும் கிழங்கைப் போட்டுப் பத்து நிமிஷம். இறக்கி மூடி வைத்து ஒரு மணி நேரம் அந்தப் பக்கமே போகாதே. துண்டுக்குள் சாறு இறங்க வேண்டும். பரிமாறிவிட்டு “எப்படி இருக்கு” என்று கேட்காதே, வாயையும் பார்க்காதே. இதே மாதிரி பச்சை வேர்க்கடலையும் வாழைக்காயும் வைக்கலாம், மொச்சையும் வைக்கலாம். ஹேமா நோட்டில் எல்லாம் இருக்கிறது.

மசாலா கொதித்தபோது ஹேமா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, “அத்த, எனக்கு இன்னாமோ பண்ணுது, கறி ஆக்கற வூட்டு வாசன மாதிரியே கீது” என்று கொல்லைப்பக்கம் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானே திரும்பி வந்தாள். உன் நைனா இரண்டு வாய் சாப்பிட்டார். மென்றார். நிறுத்தினார். என்னைப் பார்த்து, “நான் தண்ணி குடிக்க அந்தாண்ட திரும்பினப்ப நீ ஏதோ போட்டுட்ட” என்றார். ஹேமாவுக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! சுவரில் சாய்ந்து சிரித்தாள். “இல்ல மாமா, நான் பாத்துக்கினே இருந்தேன்” என்று அவள் சத்தியம் செய்த பிறகுதான் அவர் மறுபடி தட்டில் கை வைத்தார். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாம் தடவையும் சந்தேகத்தோடுதான் சாப்பிட்டார். வேட்டி மட்டும் பையிலிருந்து வெளியே வந்துவிட்டது.

சனிக்கிழமை விடியும்போதே நான் தலைக்குக் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அடுப்படி தாழ் போட்டிருக்கிறது. உள்ளேயிருந்து, “நீங்க வராதீங்க அத்த, நானே பாத்துக்கறேன்” என்று ஹேமாவின் குரல். வறுக்கிற சத்தம் வருகிறது. நடுநடுவே அவள் தும்முகிறாள். உப்பு பார்க்க நான் வரட்டுமா என்று கேட்டேன். “நானே பாத்துட்டேன்” என்றாள். வாசனையே ஆகாது என்று மூக்கை மூடிக்கொண்டு ஓடியவள், உனக்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டி வாயில் விட்டு உப்பு பார்த்திருக்கிறாள். டப்பாவை உன் நைனாவிடம் கொடுத்து, “அத்த குடுத்ததா சொல்லுங்க மாமா” என்றாள். நாமம் போட்ட மனுஷன், புரட்டாசி சனிக்கிழமையில், வாழ்க்கையில் முதல் தடவையாக உன்னிடம் ஒரு பொய் சொன்னார். பிறகுதான் பெருமாளைப் பார்க்கப் போனார்.

நீ வழித்து நக்கியது ஹேமா ஆக்கிய குழம்பு. நான் அந்த அடுப்படிக்குள் கால் வைக்கவில்லை. நீ போன் பண்ணும்போது ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள். “உன் கை மாதிரி எவ கைக்கும் வராதும்மா” என்று சொன்னாயே, அதையும் கேட்டாள். சிரித்தாள், உடனே முகத்தை மூடிக்கொண்டாள். நான் வெட்கத்தில் சுவரைப் பார்த்தேன்.

கண்ணு, உனக்காக நான் எந்த விரதத்தையும் உடைக்கவில்லை. பெருமாளை நான் ஒருநாளும் ஏமாற்றவில்லை, உன்னைத்தான் ஏமாற்றினேன். எட்டு மாதமாக நீ அவளை என் பொய்யோடு பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பொய்யை ஜெயிக்க எந்த மருமகளாலும் முடியாது. அதனால்தான் அதை இன்றைக்கு நானே உடைக்கிறேன். உனக்காக நிஜமாகவே ஒன்றை மீறியவள் யார் என்று கேட்டால், அது என் மருமகள். என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. மொட்டைக்காக ஒரு வருஷம் பேசாமல் இரு, தாங்கிக்கொள்கிறேன். அவள் தட்டுக்கு எதிரில் தனியாக உட்கார்ந்திருப்பதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

அவள் கேட்பது ஒன்றுதான். “போன்ல சொன்ன அதே வார்த்தய என் மூஞ்சப் பாத்து சொல்லட்டும் அத்த, வர்றேன்.” நான் அதோடு ஒன்று சேர்த்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை நீ புத்தூரில் இறங்கி, சந்தையில் கிழங்கு வாங்கிக்கொண்டு வா. அன்றைக்கு நீதான் ஆக்குகிறாய். மோட்டார் ரூமில் இல்லை, வீட்டு நடுக்கூடத்தில், கிழங்கு என்று பேரைச் சொல்லி எல்லோருக்கும் பரிமாற வேண்டும். ஹேமா உட்கார்ந்து சாப்பிடுவாள், நானும் உட்கார்ந்து சாப்பிடுவேன். உன் நைனா நாற்காலியோடு வாசலில் இருப்பார். நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

புளியை மட்டும் மறந்துவிடாதே. அவள் தொண்டை அரித்தால், பெருமாள் பிடித்தார் என்று சொல்லித் தப்பிக்க இந்த வீட்டில் இனிமேல் வழியில்லை.

உன் அம்மா